லேபில் இருந்த அத்தை

கம்ப்யூட்டர் திரையில் அந்த இரும்புத் தாங்கி வெந்த சேமியா போல வளைந்து கிடந்தது. பஸ் படிக்கட்டைத் தாங்க வேண்டிய தாங்கி அது. பக்கத்தில் என் பெஞ்சுத் தோழி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். மைசூரில் நாங்கள் மெக்கானிக்கல் படித்த காலம். அதுவரை டிசைன் என்றால் போர்டு நிறைய சூத்திரம்தான். எனக்குக் கொட்டாவி, அவளுக்குக் கண்ணீர். இரண்டு முறை அந்தப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் சொந்த ஊரான கௌதள்ளிக்குக் கூட்டிப்போய் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அத்தை மகனைப் பிடிக்காமல் இல்லை; படிப்பை விடத்தான் அவளுக்கு மனசில்லை.

அந்த வருடம்தான் சிமுலேஷன் மென்பொருள் வந்தது. பாரத்தை ஏற்றினால் இரும்பு எங்கே திணறுகிறது என்று நிறத்தில் காட்டும். கொட்டாவி விட்ட நானே சாப்பாட்டு நேரத்திலும் லேபை விட்டு நகரவில்லை. இவளோ வளைவுக்குப் பயந்து தகட்டின் தடிமனைக் கூட்டினாள். மறுபடியும் வளைந்தது. மறுபடியும் கூட்டினாள். கடைசியில் படியேறும் ஆளைவிடத் தாங்கி கனத்துவிட்டது. லேபே சிரித்தது, வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். அப்புறம்தான் திரை மூலையிலிருந்த சின்ன எண் எங்கள் கண்ணில் பட்டது. உண்மையான வளைவு தலைமுடி அளவுகூட இல்லை. நமக்குத் தெரிய வேண்டுமே என்று அதுவாகவே நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறது.

"எங்க அத்தையாட்டமே இருக்குதுடி. நகம் கீறுனாக் கையே போச்சுன்னு ஊரைக் கூட்டும்," என்றாள். அன்றிலிருந்து வகுப்புக்கே அந்த மென்பொருள் அத்தைதான். பயம் விட்டதும் அவளைப் பிடிக்க ஆளில்லை. ஓட்டை போட்டுப் பார்ப்பாள், மூலையை மழுக்கிப் பார்ப்பாள், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இரும்பைக் குறைப்பாள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த கன்னடக்காரப் பேராசிரியர் திரையைக் காட்டி, ஏன் இவ்வளவு வளைகிறது என்று கேட்டார். பதற்றத்தில் இவள், "அத்தெ ஜாஸ்தி மாடி ஹேள்தாரெ சார்," என்றுவிட்டாள், அத்தை மிகைப்படுத்துகிறாள் என்று. கன்னடத்தில் அத்தெ என்றால் மாமியாரும்தான். உன் மாமியாருக்கு லேபில் என்னம்மா வேலை என்று அவர் கேட்டபோது பின்னால் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அசரவில்லை. மூலையிலிருந்த எண்ணைக் காட்டினாள், உண்மையான வளைவைக் காட்டினாள், எங்கே எவ்வளவு இரும்பைக் குறைத்தாள், ஏன் குறைத்தாள் என்று கடகடவென்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "பாஸும்மா, ஹோகு," என்று போகச் சொன்னார்.

இன்று அவள் பஸ் கட்டும் தொழிற்சாலையில் டிசைன் பார்க்கிறாள். நான் கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சிமுலேஷன் சொல்லித்தருகிறேன். திரைகள் எவ்வளவோ மெருகேறிவிட்டன. எனக்கென்னவோ வைவா முடிந்த அந்த மதியம்தான் இன்னும் இனிக்கிறது. அவள் அப்பா ஹாஸ்டல் வாசலில், துணிமணியை அள்ளிப்போக ஒரு பெரிய காலிப் பெட்டியோடு நின்றிருந்தார். பாஸ் என்று சொன்னோம். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"வாரப்பவே காலிப் பொட்டிக்கு டிக்கெட் போட்டான் அந்தக் கண்டக்டர்," என்றார் என்னைப் பார்த்து. "போறப்பவும் போடட்டும்."