எதற்கெடுத்தாலும் ஒரே மஞ்சள் பெட்டி

எட்டாவது வரைதான் படித்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வெல்டிங் ரோபோவை ஓட்டுகிறேன். ரோபோ கம்பிக் கூண்டுக்குள் நிற்கும். நான் வெளியே, ஸ்கிரீன் முன்னால்.

அந்த ஸ்கிரீனில் எதற்கெடுத்தாலும் ஒரு மஞ்சள் பெட்டி வரும். வெல்டிங் ஒயர் குறைந்தாலும் அதே பெட்டி, முடிந்த பீஸ் விழும் தட்டு நிறைந்தாலும் அதே பெட்டி. உள்ளே இங்கிலீஷ் எழுத்து, கீழே ஓகே. அழுத்தினால்தான் லைன் ஓடும். யாரும் படிப்பதில்லை. கண் பார்க்கும் முன் விரல் போய்விடும்.

அன்று காலை ஷிப்டில் ஒரு பீஸ் உள்ளே மாட்டிக்கொண்டது. என்னோடு வேலை செய்யும் அக்கா, குன்றத்தூர்க்காரர், கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். குனிந்து பீஸை இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்தது. அழுத்திவிட்டேன்.

ரோபோவின் கை அசைந்தது. அக்காவின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தியது நான்தான் என்றார்கள். ஞாபகம் இல்லை.

அக்கா வெளியே வந்து தலையைத் தடவிப் பார்த்தார். "இன்னாடா, எம்மேல அவ்ளோ கோவமா?" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் சாஃப்ட்வேர் எழுதிய கம்பெனியிலிருந்து ஒரு சார் லேப்டாப்போடு வந்தார். "கதவு திறந்திருக்கு, ஓட்டவான்னு கேட்டிருக்கே. படிக்காம ஏம்பா அழுத்துனே?"

நான் தலை குனிந்தேன். வேலை போய்விடும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தத் தொப்பி மட்டும் கண்ணில் நின்றது.

அக்கா விடவில்லை. "நாள் முச்சூடும் தொணதொணன்னு கேட்டுகினே கீது சார் உங்க டப்பா. ஒயர் இல்லன்னாலும் அதே மூஞ்சி, ஆளு சாவுறதா இருந்தாலும் அதே மூஞ்சி. எவன் படிப்பான்? கதவு தொறந்தா நிக்கணும். அத்த எதுக்கு இவனாண்ட கேக்குது?"

சார் லேப்டாப்பை மூடினார்.

"கதவு சென்சார் சும்மா சும்மா லைனை நிறுத்துச்சு. லைன் நிக்கக் கூடாதுன்னு உங்க கம்பெனில சொன்னாங்க. ஓகே குடுத்தா தாண்டிப் போற மாதிரி நாங்கதான் எழுதினோம்," என்றார். "அப்படி எழுதியிருக்கக் கூடாது."

மெஷினுக்கு எழுதுகிறவர்களும் தப்பு செய்வார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் பயம் போகவில்லை. அழுத்தியது என் விரல்.

இப்போது கதவு திறந்தால் ஸ்கிரீன் ஒன்றும் கேட்காது. கதவில் ஒரு சாவி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாவி இல்லாமல் ரோபோ ஓடாது.

முதல் நாள் அக்கா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப அமுக்குறா பாக்கலாம்," என்று உள்ளே போனார்.

அவர் வெளியே வரும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.