மெமரியில் ஒட்டிய சந்தனம்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

குழந்தை பிறந்தபோது ஆசிரியை வேலையை விட்ட என் மனைவி, ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்க விண்ணப்பித்திருந்தாள். அன்று மாலை மாதிரி வகுப்பு. தேறினால்தான் வேலை. அதற்காகவே, நானே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் போட்டேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தைதான். போட்ட நாளிலிருந்து பிடித்தது சனி. சற்று நேரம் ஓடும், அப்புறம் அப்படியே உறைந்துவிடும். மவுஸ்கூட நகராது.

ஒத்திகையை மொபைலில் பார்த்துவிட்டு, "மேடம் வாயத் தொறந்தபடியே சிலையா நிக்கிறாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, பழசே நல்லாத்தான ஓடிச்சு? உங்கள யாரு நோண்டச் சொன்னது?"

சூடாகிறதோ என்று மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தேன். கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் நண்பனிடம் ஒன்று இரவல் வாங்கி வந்தேன். ம்ஹூம். கடைசியில் புது மெமரியைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது! கழற்றியதை வெளிச்சத்தில் திருப்பினால், அடி விளிம்பில் மின்சாரம் பாயும் பொன்னிறக் கோடுகள் மேல் காய்ந்த மஞ்சள் தீற்று. மோந்து பார்த்தேன். சந்தனம்.

அறை வாசலில் மாமனார் நின்றிருந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்று எங்களோடு இருப்பவர். முகம் சுண்டிவிட்டது.

"பட்டறையில ஸ்பேனர்லேர்ந்து எல்லாத்துக்கும் பொட்டு வைப்போங்க மாப்பிள்ளை. பூஜையில டப்பாவோட இருந்துச்சேன்னு இதையும் பிரிச்சு... பொண்ணுக்கு வேலை கிடைக்கணுமேன்னுதான்."

எனக்கு ஒரு சுடுசொல் வாய்வரை வந்துவிட்டது. என் மனைவி முந்திக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து கேமராவுக்குப் பின்னால் போட்டாள்.

"அப்பா, அங்க ஏன் நிக்கிறீங்க? ஆளே இல்லாம பாடம் நடத்த வரவே மாட்டேங்குது. இங்க உக்காருங்க. இன்னிக்கு நீங்கதான் அஞ்சாங்கிளாஸ்."

"எனக்குக் கணக்கு வராதேம்மா."

"அதுக்குத்தான கூப்பிடுறேன்."

தீற்றை ரப்பரால் பதமாகத் தேய்த்து எடுத்து மெமரியை மாட்டினேன். மாலையில் அவள் பின்னம் நடத்த, அவர் நிஜமாகவே புரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் ஒருதரம்கூட உறையவில்லை. "குழந்தை எதிர்ல உக்காந்திருக்கிற மாதிரியே பேசுறீங்க" என்றார் தேர்வு செய்தவர். வேலை கிடைத்துவிட்டது.

இன்றும் வீட்டில் யாராவது எதையாவது கெடுத்து வைத்தால், நான் வாய் திறக்கும் முன்னே அவள் இழுத்துப்போட்ட அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடுகிறது.