கண்டக்டர் அழகேசன் செய்த கொலை

தொழுதூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அழகேசன், ஒரு வரி எழுதாமல் ஏழு வருஷம் ஒரு நாவல் நடத்தினார். டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்வார். பெரம்பலூரில் ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம், திரும்பி வருகிறவர்களுக்கு மீதி. பின் சீட்டில் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ரஞ்சன்குடிக் கோட்டைதான் களம். நவாபு காலத்துச் சண்டை. வெளியே பீரங்கி முழங்குகிறது, கதவை அடைத்தாயிற்று. உள்ளே வெடிமருந்துக் கிடங்கின் காவலன் முதுகில் கத்தியோடு கிடக்கிறான். கோட்டைத் தலைவன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறான்.

கத்தரிக்காய்க் கூடையோடு தினமும் வாலிகண்டபுரத்தில் இறங்கும் பாப்பாயிக்கு ஒரு சந்தேகம். "வெளிய ஆயிரம் பேரு சாவுறான். உள்ள ஒருத்தன் செத்ததுக்கு இம்மாம் விசாரணையா?"

"வெளிய செத்தா வீரம் ஆத்தா. உள்ள செத்தா ரிப்போர்ட் எழுதணும்."

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு காலை, கதையில் கோட்டைச் சமையல்காரன் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தது. வாலிகண்டபுரமும் வந்தது. பாப்பாயி இறங்கவில்லை. அடுத்து ரஞ்சன்குடியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, வாலிகண்டபுரத்தோடு முடிந்த அவள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொன்னது யாருன்னு தெரியாம எப்படி இறங்குறது என்று அவள் நியாயம் கேட்டாள். மீதித் தூரத்துக்குக் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தராமல் ஏமாற்றும் கண்டக்டர் என்று அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று டெப்போவிலிருந்து மெமோ வந்தது. பயணி இறங்க மறந்ததற்குக் காரணம் கீழ்க்கண்ட கதையே என்று தொடங்கி, இருபத்திரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார் அழகேசன். கொலைகாரனை மட்டும் பழக்க தோஷத்தில் சொல்லவில்லை.

நான்காம் நாள் மேனேஜரிடமிருந்து இன்னொரு மெமோ: 'தங்கள் விளக்கத்தில் கொலை செய்தவர் யார் எனக் குறிப்பிடப்படவில்லை. மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

சிக்கல் இங்கேதான். முதல் நாளிலிருந்தே அழகேசன் மனசில் கொலைகாரன், விசாரணை நடத்தும் கோட்டைத் தலைவன். இப்போது கேட்கிறவரும் விசாரணை நடத்துகிறவர். மனைவி அம்சவள்ளி சுருக்கமாகத் தீர்ப்பு சொன்னாள்.

"சமையக்காரன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பொண்ணு இருக்கு. அவன் என்ன வந்து கேஸா போடப்போறான்?"

இரண்டு நாள் சமையல்காரன் கையில் கத்தியைக் கொடுத்துப் பார்த்தார். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறவனுக்குக் கொலை செய்ய ஏது நேரம்? மூன்றாம் நாள் எழுதினார்: 'கொலை செய்தவர், விசாரணை நடத்திய அதிகாரியே எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

வேலை போகவில்லை. துறைமங்கலம் டவுன் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். பத்து நிமிஷ ரூட்.

பத்து நிமிஷத்தில் ஒருவனைக் கொன்று, கோட்டை முழுக்க விசாரித்து, ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் கொன்றது கோட்டைத் தலைவன்தான் என்று முதல் டிக்கெட்டிலேயே சொல்லிவிடுவார். எல்லோரும் அவரவர் ஸ்டாப்பில் ஒழுங்காக இறங்கிப் போனார்கள்.