இடது கைக்கு அடுத்த மாதம்

உங்கள் டாக்டரின் மேசையில் இருக்கும் பேனாவை யார் கொடுத்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? எங்கள் தெருத் தோல் டாக்டரிடம் ஒரு பஸ் டிரைவர் கேட்டார்.

டாக்டரம்மாவின் அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். தின்னரில் கழுவிக் கழுவி அவர் உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் தோல் மருத்துவம் படிக்கப் போனதாக மகள் சொல்வார். படித்தார், பெயர் வாங்கினார். பெயர் வாங்கியவரைத் தேடி மருந்துக் கம்பெனியும் வந்தது. ஒரு மணி நேரம் மேடையில் பேசினால் ஒரு மாத வாடகை கைக்கு வரும். கடற்கரை ஓட்டலில் கருத்தரங்கு, சுவர்க்கடிகாரம், பேனா. தான் யாருக்கும் விலைபோகவில்லை என்று அவர் மனதார நம்பினார். களிம்பு எழுதும்போது மட்டும் கை தானாக அந்தக் கம்பெனியின் பெயரையே எழுதியது.

டிரைவருக்கும் உள்ளங்கைகளில் அதே வெடிப்பு. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தால் ரத்தம் கசியும். சீக்கிரம் ஆறாவிட்டால் வண்டி கிடையாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா வழக்கமான அந்தக் கம்பெனிக் களிம்பையே எழுதிக் கொடுத்தார். மறுமுறை வந்தபோது வலது கை பூப்போல ஆறியிருந்தது. இடது கை அப்படியே இருந்தது. டாக்டரம்மா குழம்பிப்போனார். எந்தக் கையால் கியர் போடுகிறார், என்ன சோப்பு என்று துருவித் துருவிக் கேட்டார். இன்னும் வீரியமான மருந்து எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

"ஒரு கைக்குத்தான் மருந்து கட்டுப்படியாச்சு டாக்டரம்மா. இடது கைக்கு அடுத்த மாசம் வாங்கலாம்னு இருக்கேன்."

பிறகு பேனாவையும் சுவர்க்கடிகாரத்தையும் மருந்துச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே பேரு. உங்க மாமனார் கம்பெனியா?"

வெளியே காத்திருந்த எங்களுக்கும் கேட்டுவிட்டது; ஒரே சிரிப்பு. டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போனது. அதே மருந்து, கால் பங்கு விலையில், வேறு டியூபில், கீழே உள்ள கடையிலேயே கிடைக்கும். படிக்கிற காலத்திலிருந்தே அவருக்கு அது தெரியும். அதை எழுதிக் கொடுத்தார்.

டிரைவர் அடுத்து வந்தது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டத்தான். வண்டியைக் கீழே நிறுத்தியிருந்தார். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு தாள்: எந்தக் கம்பெனியிடம் எதற்காக எவ்வளவு வாங்கினார் என்று டாக்டரம்மாவே எழுதி ஒட்டியிருந்தார். டிரைவர் நின்று நிதானமாகப் படித்தார்.

"மாமனாருக்குப் பெரிய மனசுதான்."

"இப்பப் பேச்சுவார்த்தை இல்ல," என்றார் டாக்டரம்மா.

கம்பெனிப் பணம் டாக்டரின் மூளையைத் தொடாது என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். அந்த இடது கையைப் பார்த்தவன் நான். அடுத்த முறை சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். இதே மருந்து குறைந்த விலையில் உண்டா என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் மாமனாரைப் பற்றி விசாரியுங்கள்.