அண்ணன் சரிசெய்து கொடுத்த லாஞ்சர்

கணினி விளையாட்டுகளைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் திறக்கத்தான் செய்தது. படம் வரும், வட்டம் சுற்றும், அப்புறம் வெறும் வெள்ளைத் திரை. விளையாட்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்று நாளும் அடையாற்றிலிருந்து போனில் வழி சொன்னவன் என் அண்ணன்.

உள்ளே இருந்தது எங்கள் ஊர். நகரம் கட்டும் விளையாட்டு அது. கல்யாணமாகி அண்ணன் அடையாறு போகும்வரை, மயிலாப்பூர் வீட்டில் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆறு வருடம் கட்டினோம். குளத்தைச் சுற்றி நான்கு மாட வீதிகள். இப்போதிருக்கும் ஃபிளாட்டுக்காக இடிக்கப்பட்ட பழைய வீட்டையும் அதே முனையில் வைத்திருந்தோம், அப்பா கட்டிய மொட்டைமாடித் தொட்டியோடு. விளையாட்டு அண்ணனுடைய ஆன்லைன் கணக்கில், ஊர் என் கணினியில். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, நான் போட்ட ரோட்டையெல்லாம் குறை சொல்லிவிட்டுப் போவான்.

முதல் நாள் கேச்சை, அதாவது தற்காலிகக் கோப்புகளை, அழிக்கச் சொன்னான். இரண்டாம் நாள் ஃபயர்வாலை அணைக்கச் சொன்னான். மூன்றாம் நாள், "இன்னாடா, இன்னும் வரலையா? எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போடு. அந்த கேம் ஃபோல்டரையே தூக்கு. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணு."

"ஊரு போயிடாதாணா?"

"அதெல்லாம் சர்வர்ல கீதுடா. தூக்கு."

தூக்கினேன். புதிதாகப் போட்டேன். அதே வெள்ளைத் திரை.

மறுநாள் அண்ணி வேறு எதற்கோ போன் செய்தார். பேச்சுவாக்கில் நான் புலம்பியதும், "அப்படியா? போன வாரம் என் தம்பிக்கு உங்கண்ணன் போட்டுக் குடுத்தாரு, சூப்பரா ஓடுதே" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கணக்கில் இரண்டு கணினிகளுக்குத்தான் இடம்; அதுவரை அண்ணனுடையதும் என்னுடையதும்.

அண்ணனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன்.

"மச்சான் கேட்டுட்டான்டா. மொத தடவையா ஒண்ணு கேக்குறான், எப்படி மாட்டேன்னு சொல்றது? உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவியேன்னு..."

மச்சானுக்குக் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளையின் சங்கடம் எனக்கும் புரியும். கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன். என்னை நீக்கிவிட்டு, மூன்று நாள் கேச்சையும் ஃபயர்வாலையும் நோண்டவிட்டு, கடைசியில் என் கையாலேயே ஊரை அழிக்கவைத்தானே, அது துரோகம். ஒரு விளையாட்டுக்கு அந்த வார்த்தை பெரிதாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அரை மணி நேரத்தில் என்னைத் திரும்பச் சேர்த்தான். மச்சானை எடுக்கவில்லை, தன் கணினியை எடுத்துவிட்டான். அதை முதலிலேயே செய்திருக்கலாம். லாஞ்சர் உடனே திறந்தது. விளையாட்டும் வந்தது. சர்வரில் எதுவும் இல்லை. காலி நிலமும் நடுவே ஓர் ஆறும்தான்.

"ஊரு இல்லணா" என்றேன் போனில்.

"விடுடா, புதுசா கட்டிக்கலாம். மச்சானையும் சேத்துக்கலாம், நல்லா வெளையாடுறான்."

போனை அணைக்காமல் மேசைமேல் வைத்தேன். ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பான்.