பூமி பூஜை போட்டால் சட்டம் திரும்பிப் போய்விடுமா?

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். கட்டடம் வரைகிறவளுக்குக் கொஞ்சம் கோபமும் இல்லாவிட்டால், கான்ட்ராக்டர் அவள் வரைந்த சன்னலை அடைத்துவிட்டு அங்கே தண்ணீர்த் தொட்டி வைத்துவிடுவார். எங்கள் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எனக்கென்று சிறிய அலுவலகம் இருக்கிறது. கீழே மசாலா அரைக்கும் கடை. படியேறுகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். கதவில் என் பெயரும் அதற்குக் கீழே ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லும் இருக்கும். தினமும் பூட்டைத் திறக்கும்போது அதை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். பெருமைதான், வேறென்ன.

எங்கள் கோவில் மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவானபோது, பிளான் போடும் வேலை எனக்கு வந்தது. என் கணவர் கமிட்டியில் இருப்பதால்தான் வந்தது என்று சிலர் பேசினார்கள். கமிட்டியில் அவருக்கு இருந்த செல்வாக்கு எனக்குத் தெரியும். தலைவர் கையைத் தூக்கினால் இவரும் தூக்குவார், அவ்வளவுதான். ஆனால் கோவிலில் அவருக்கு வேறொரு மரியாதை உண்டு. தைப்பூசத்துக்கு மண்டபத்தின் முகப்பில் விளக்குச் சரம் கட்டுவது அவர் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரை விளிம்பில் நின்று, குனிந்து, சரத்தைக் கீழே இறக்குவார். கீழே கூட்டம் நின்று கைதட்டும். நானும் அங்கேதான் நிற்பேன். விளக்கு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கட்டுமான வேலைக்குப் புதிய பாதுகாப்பு விதிகள் வரப்போகின்றன என்ற செய்தி எங்கள் தொழிலில் எல்லார் வாயிலும் அடிபட்டது. அதுவரை வேலையிடத்தில் யாராவது விழுந்தால் எல்லாரும் கான்ட்ராக்டரைத்தான் கைகாட்டுவோம். இனி அப்படித் தப்பிக்க முடியாது. கட்டச் சொல்கிறவருக்கும் பொறுப்பு, வரைகிறவருக்கும் பொறுப்பு. கட்டும்போது மட்டுமில்லை, கட்டி முடித்தபின் மேலே ஏறித் துடைக்கிறவர், பழுது பார்க்கிறவர் எப்படி ஏறுவார், எதைப் பிடித்துக்கொள்வார் என்பதையும் பிளான் போடும்போதே யோசிக்க வேண்டும். என் தொழில் நண்பர்களில் பாதிப்பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். நான் இழுக்கும் கோட்டுக்கு இவ்வளவு மதிப்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து, மண்டபத்தின் மொட்டை மாடியைச் சுற்றி இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவரும், உள்ளிருந்து ஏற ஒரு படிக்கட்டும் வரைந்தேன். கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. முகப்பில் வரிசையாகச் சிமெண்டுத் தாமரைகள் வைப்பதாக உபயகாரர்களிடம் சொல்லியிருந்தார்களாம். சுவர் வந்தால் தாமரை அதன் முன்னால் குட்டையாகத் தெரியுமாம்.

கமிட்டித் தலைவர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். இதற்கும் வைத்திருந்தார். குருக்களிடம் நாள் பார்க்கச் சொல்லி, புதிய விதிகள் அமலுக்கு வருமுன்னே ஒரு முகூர்த்தத்தைப் பிடித்து, பூமி பூஜைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஹோமம், நவதானியம், மேளம் எல்லாம் முறையாக நடந்தது. முதல் கல்லை வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, வேலை ஸ்டார்ட் ஆயிருச்சுலா. இனி நமக்குப் பழைய சட்டம்தான். அந்தச் சுவரத் தூக்கிட்டுப் பிளான குடுத்துரு.”

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கமிட்டியே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்குப் பூமி பூஜை நடந்துவிட்டால் வீடு பாதி எழும்பிய மாதிரி. சாமிக்குக் கணக்கு ஆரம்பித்துவிட்டது என்றால் அரசாங்கத்துக்கும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சாப்பாடு முடிந்து, இன்னும் இடிக்காத பழைய மண்டபத்தில் கமிட்டிக் கூட்டம் கூடியது. நான் எழுந்து சொன்னேன்.

“அண்ணே, பிளான் இன்னும் அனுமதிக்கு நகராட்சிக் கவுன்சில் பக்கமே போகல. மண்ணுல மெஷின் இறங்கல. நீங்க தேங்கா உடைச்சத எந்த ஆபீசர் வந்து எண்ணப் போறாரு?”

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் முகம் சுண்டிவிட்டது.

“சட்டம் கிடக்கட்டும்லா. இது கோயிலு. சாமி பாத்துக்கும். உனக்குக் கஷ்டம்னா வேற ஆர்க்கிடெக் பாத்துக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவுல ஒரு பையன் இருக்கான். சொன்னத வரைஞ்சு குடுப்பான்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் வேலைகளிலேயே நம் ஜனங்கள் எல்லாரும் வந்து நிற்கப்போகும் கட்டடம் அதுதான். அதைக் கைவிடுவது எனக்கு லேசில்லை. ஆனாலும் அந்தச் சுவர் இல்லாமல் கையெழுத்துப் போட என் கை வராது.

“சரிண்ணே, வேற ஆளு பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் பாருங்க. புது மண்டபம் பழசவிட ரெண்டு மடங்கு உயரம். தைப்பூசத்துக்கு அந்த விளிம்புல யாரு நிக்கப் போறா?”

எல்லாத் தலையும் என் கணவர் பக்கம் திரும்பியது. தலைவர் அவர் முதுகில் தட்டினார்.

“இதென்ன கேள்வி? நம்ம ஆளு இருக்கும்போது என்ன கவலை? குரங்கு மாதிரி ஏறுவான்லா!”

சிரிப்பு அடங்கும்வரை என் கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

“நான் ஏற மாட்டேன் தலைவரே.”

“என்னப்பா, சம்சாரத்துக்குப் பயமா?”

“இல்ல. உயரத்துக்குப் பயம். வருசா வருசம் பயந்துக்கிட்டுத்தான் ஏறுறேன். கீழ எல்லாரும் கை தட்டுறீங்க, எனக்குக் காலு நடுங்கும். போன வருசம் ஈரத்துல வழுக்கிருச்சு. ஒயரப் புடிச்சுக்கிட்டேன். வீட்டுல கூட சொல்லல. அவ சுவர் வரைஞ்சிருக்கா. அது இருந்தா ஏறுறேன். இல்லாட்டி நீங்க ஏறுங்க, நான் கீழ நின்னு கை தட்டுறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. போன வருடம் நானும் கீழேதான் நின்றேன். எப்போது வழுக்கியது, எந்த நொடியில் கண் சிமிட்டினேன் என்று தெரியவில்லை. அங்கேயே அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பிளானைத் தன் பக்கம் இழுத்து, “தாமரைய இந்தச் சுவர் மேலேயே வைக்கலாமா தங்கச்சி?” என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன். இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று சொல்ல வந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் கேட்டார்.

“எல்லாருக்கும் முன்னால மானம் போச்சுல்ல?”

பயம் என்ற சொல்லை அந்த மண்டபத்தில் ஓர் ஆம்பிளை எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் என் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பெருமையாக இருந்தது.

“மானமா?” என்றேன். “நாளைக்குப் பிளான்ல கையெழுத்துப் போடப் போறேன். நீங்க பக்கத்துல வந்து நில்லுங்க.”