பாதி முடி பாவம்

டோனா ஜுரெமாவின் தலைமுடியில் வலப்பக்கம் குற்றமற்றது, இடப்பக்கம் பாவம். சபை மூப்பர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. சிரிக்க வேண்டாம்.

பத்தொன்பது வருடமாகத் தாபேரெபா ஆற்றில் படகு ஓட்டுகிறவள் அவள். அசாயிப் பழக் கூடைகள், பள்ளிப் பிள்ளைகள், பிரசவ வலியோடு வரும் பெண்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றுவாள். ஏற்றும்போது அதட்டுவாள், இறக்கும்போது கைகொடுப்பாள். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து கத்தரி படாத முடி இடுப்பைத் தாண்டித் தொங்கியது. பெண் முடி வெட்டக்கூடாது என்பது சபையின் சட்டம். படகின் நடுவில் மூடியில்லாமல் சுழலும் எஞ்சின் தண்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

மார்ச் மாதம் ஒரு காலையில், படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைக்கக் குனிந்தாள். வலப்பக்க முடியைத் தண்டு சுருட்டி இழுத்தது. அப்படித் தலைத்தோலையே பறிகொடுத்த பெண்கள் நான்கு பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். மீன் வெட்டும் கத்தியால் காதோரம் ஒரே வெட்டு. தலை பிழைத்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றவள், மிச்சமிருந்த இடப்பக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டிவிட்டாள். வம்பு அங்கேதான்.

"வலப்பக்கம் விபத்து, அத விட்டுடலாம்" என்றார் பாஸ்டர் எலியேசர். "இடப்பக்கம்?"

"அது புத்தி, பாஸ்டர்."

"சபைக்கு முன்னால மன்னிப்புக் கேளுங்க சகோதரி. மூணு மாசம் திருவிருந்து கெடையாது. முடி வளரட்டும்."

"அப்ப என்னை நீதிமானாக்கினது முடியா? அது ஆத்துக்கு அடியில கெடக்கு. கெளுத்தி தின்னிருக்கும். போய் அதுக்குத் திருவிருந்து குடுங்க."

"கட்டளைய மீறிட்டுக் கிண்டல் வேற!"

"கிண்டல் இல்ல. இயேசு எனக்காகச் செத்தார்னு நம்பினேன், ஏத்துக்கிட்டார். அன்னிக்கு அவர் கையில அளவுகோல் இல்ல. உங்க கையில எப்படி வந்துச்சு?"

மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சைச் சாறும் தருகிற அந்தத் திருவிருந்தை விட்டுக்கொடுக்கவும் அவளால் முடியாது. மாதம் முழுக்க ஊருக்குக் கொடுக்கிற கை அவளுடையது. ஏந்துவது அந்த ஒரு நாள்தான்.

திருவிருந்து ஞாயிறும் வந்தது. சபையார் எழுந்து நிற்கும்போது, தண்டனை பெற்றவர்கள் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அப்பத் தட்டை ஏந்தி வந்தவர் ஒஸ்மாரினோ, அவள் புருஷன். முதலை குறுக்கே வந்தாலும் வழிவிட்டு மன்னிப்புக் கேட்கிற ரகம். ஜுரெமா எழுந்து நின்றாள்.

"உக்காரு ஜுரெமா, மானம் போவுது" என்று முணுமுணுத்தார்.

"போனா போவட்டும். நீட்டு."

"பாஸ்டர் பாக்குறாரு."

"இயேசுவும்தான் பாக்குறாரு. நீட்டுய்யா!"

அவர் நீட்டவில்லை. தட்டு விலகிய நொடியில் அவளே எட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்புங்க சகோதரி!" என்று கத்திய பாஸ்டர், துப்பச் சொன்னது இயேசுவின் அப்பத்தை என்று புரிந்து தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து, தட்டில் சின்னக் குவளைகளில் திராட்சைச் சாறு. இந்த முறையும் ஒஸ்மாரினோ தாண்டிப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் கூட. ஆனால் அவர் அவள் முன்னால் நின்றார். தட்டை அவசரமாக நீட்டியதில் இரண்டு குவளைகள் அவள் சட்டையில் கவிழ்ந்தன.

"சீக்கிரம் குடிச்சுத் தொலை" என்றார். "பாஸ்டர் பாக்குறாரு."

குடித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். வெளியே சொல்ல மாட்டார், உயிர்மேல் ஆசை உண்டு.

அவருக்கும் மூன்று மாதம் கிடைத்தது, தட்டு ஏந்தும் பதவியும் போனது. கடைசி பெஞ்சில் இப்போது இரண்டு பேர். சபையார் எழும்போது அவர்களும் எழுந்து கையை நீட்டுகிறார்கள். புதிதாகத் தட்டு ஏந்துகிறவர்தான் பாவம், ஒவ்வொரு மாதமும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.